கெய்ரோவுக்குப் போயும் ஊரிலேயே வாழ்கிறவர்கள்



அரபு மொழி கற்பதற்காக ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் கெய்ரோவுக்கும் மதீனாவுக்கும் அம்மானுக்கும் புறப்பட்டுச் செல்கிறார்கள். சிலர் கல்வி உதவித்தொகையில் செல்கிறார்கள். பலர் தாயின் நகையிலும் தந்தையின் வளைகுடா உழைப்பிலும் ஜமாஅத்தின் உதவியிலும் செல்கிறார்கள். அல்லாஹ்வின் வேதம் இறங்கிய மொழியை அதன் மக்களிடமிருந்தே கற்க வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. அந்த எண்ணத்தைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அந்த எண்ணம் விமான நிலையத்தைத் தாண்டியதும் என்ன ஆகிறது என்பதைக் கேட்கவே எழுதப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் கெய்ரோவில் இருந்துவிட்டுத் திரும்பும் ஒரு மாணவரிடம், "அங்கே உங்களுக்கு நெருக்கமான எகிப்திய நண்பர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். "நாங்கள் நம் ஆட்களோடுதான் இருந்தோம்" என்பார். கீழ்வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. தெருமுனைப் பள்ளிவாசலின் இமாமிடம் ஸலாமுக்கு மேல் பேசியதில்லை. எந்த அரபுக் குடும்பத்தின் வீட்டிலும் அமர்ந்து ஒரு குவளைத் தேநீர் அருந்தியதில்லை. ஆனால் ஊரில் நடக்கும் நிகழ்ச்சியின் நோட்டீஸில் அவருடைய பெயருக்குப் பின்னால் பட்டம் மட்டும் கம்பீரமாக வந்து அமர்ந்துவிடும்.

இதை நாம் பெருமையாகக் கருதிக் கொண்டிருக்கிறோம். "என் மகன் யாரோடும் சேரமாட்டான், வகுப்பு உண்டு, அறை உண்டு என்று இருப்பான்" என்று சொல்லும்போது நம் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. மொழி கற்கச் சென்றவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு எதுவும் இல்லை என்பதே என் வாதம். மக்களோடு பழகுவது மொழிக்கல்வியைக் கெடுக்கும் பொழுதுபோக்கு அன்று. அதுவே மொழிக்கல்வியின் பாதி. மார்க்கமும் அதைத் தடுக்கவில்லை; தூண்டுகிறது.

ஆறு பேர், ஒரு வீடு, ஒரு மொழி

கெய்ரோவின் நஸ்ர் சிட்டிப் பகுதியில் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் உலகின் பல நாட்டு மாணவர்களும் வாடகைக்குத் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே நம் மாணவர்கள் வாழும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

ஒரே வீட்டில் ஐந்தாறு பேர். எல்லாரும் தமிழ் பேசுபவர்கள். சில வேளைகளில் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். சமையல் முறை வைத்துக் கொள்கிறார்கள். சோறும் சாம்பாரும் அங்கேயும் தொடர்கின்றன. மளிகை வாங்க ஒருவரே போவார். அவருக்குத்தான் கடைக்காரரோடு கொஞ்சம் பேசத் தெரியும். வீட்டு உரிமையாளரிடம் பேச ஒருவர், விசா அலுவலகத்திற்குத் துணைவர ஒருவர் என்று மூத்த மாணவர்கள் இருப்பார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று கொள்வார்கள். வகுப்பு முடிந்து வந்தால் கைப்பேசியில் ஊர்ச் செய்தி, ஊர் அரசியல், ஊர்ச் சண்டை. இரவில் வீட்டோடு நெடுநேர உரையாடல். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அரபு காதில் விழுந்தால், மீதி நேரம் முழுவதும் தமிழ்தான் விழுகிறது. உடல் நைல் நதிக்கரையில் இருக்கிறது. நாவும் செவியும் ஊரை விட்டுப் புறப்படவே இல்லை.

இந்த ஏற்பாட்டை வளர்ப்பதில் மாணவர்களை அனுப்பும் இடைத்தரகர்களுக்கும் பங்குண்டு. "நம் ஊர்ப் பிள்ளைகளோடு தங்க வைக்கிறோம், நம் சாப்பாடு கிடைக்கும், கவலை வேண்டாம்" என்பதுதான் அவர்கள் பெற்றோருக்குத் தரும் முதல் வாக்குறுதி. பெற்றோரும் அதைக் கேட்டு மகிழ்கிறார்கள். அரபு பேசும் வாய்ப்பு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கும் தந்தை அரிது.

இனி மற்றொரு காட்சியைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரியாத்துக்கு வாகனம் ஓட்டச் சென்றவர், இரண்டே ஆண்டுகளில் முதலாளியோடும் காவலரோடும் கடைக்காரரோடும் சரளமாக அரபு பேசுகிறார். இலங்கையிலிருந்து வீட்டுப்பணிக்குச் சென்ற சகோதரி, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அரபியிலேயே கதை சொல்லித் தூங்க வைக்கிறார். அவர்களுக்கு இலக்கணம் தெரியாது. எழுத்தும் பலருக்குத் தெரியாது. ஆனால் மனிதர்களோடு வாழ்ந்தார்கள். பேசாமல் இருக்க அவர்களுக்கு வழியில்லை. நம் பட்டதாரிக்கு இலக்கணம் தெரியும். பேசுவதற்கு மனிதர் இல்லை. இந்த ஒப்பீடு யாரையும் இழிவுபடுத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. மொழி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுவதற்காகச் சொல்லப்படுகிறது.

முன்னோர் எப்படிக் கற்றார்கள்?

"இமாம்கள் எல்லாம் கிதாபை வைத்துத்தானே கற்றார்கள்?" என்று சிலர் கேட்கலாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மக்காவில் வளர்ந்த குறைஷி குலத்தவர் அவர். அரபு அவருடைய தாய்மொழி. ஆயினும் தூய அரபைக் கற்பதற்காகப் பாலைவனத்தில் வாழ்ந்த ஹுதைல் கோத்திரத்தாரோடு பல ஆண்டுகள் தங்கினார். அவர்கள் பயணம் செய்தபோது உடன் பயணம் செய்தார். அவர்கள் முகாமிட்டபோது உடன் முகாமிட்டார். அவர்களின் கவிதைகளையும் வழக்காறுகளையும் அப்படித்தான் பெற்றார். தாய்மொழிக்காரருக்கே மக்களோடு வாழ்வது தேவைப்பட்டது என்றால், இரண்டாம் மொழியாகக் கற்கும் நமக்கு அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

ஹிஜ்ரத்தின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு மூலையில் தனிக் குடியிருப்பாக அமர்த்தவில்லை. ஒவ்வொருவரையும் ஓர் அன்ஸாரியோடு சகோதரராக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் அன்ஸாரிச் சகோதரர் ஸஅத் பின் ரபீஉ (ரலி). அவர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். பனூ கைனுகா எனும் யூதக் கோத்திரத்தாரின் சந்தை அது. அங்கே சென்று நெய்யும் உலர்ந்த பாற்கட்டியும் வாங்கி விற்று, சில காலத்திலேயே தம் காலில் நின்று திருமணமும் செய்து கொண்டார். வந்த ஊரின் மனிதர்களோடு பழகுவது, அந்த ஊரின் சந்தைக்குப் போவது, யாருக்கும் பாரமாக இல்லாமல் இருப்பது ஆகிய மூன்றையும் அந்தப் பெருமகனாரிடம் கற்றுக் கொள்ளலாம்.

மனித குலத்தைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கூறுகிறது. மக்களோடு கலந்து, அவர்களால் வரும் தொல்லைகளைப் பொறுத்துக் கொள்ளும் இறைநம்பிக்கையாளர், கலக்காமல் ஒதுங்கி இருப்பவரைவிடச் சிறந்தவர் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. இந்த இரண்டையும் அரபியில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர், அதே நாளில் கீழ்வீட்டுக்காரருக்கு ஸலாம் சொல்லாமல் படியேறிப் போனால், அவர் கற்றது என்ன?

"பேச்சு வழக்கு மொழியைக் கெடுத்துவிடும்"

மாணவர்கள் முன்வைக்கும் முதல் சாக்கு இது. "நாங்கள் குர்ஆனின் அரபைக் கற்க வந்தோம். தெருவில் பேசுவது அம்மிய்யா. அதோடு கலந்தால் ஃபுஸ்ஹா கெட்டுவிடும்" என்பார்கள்.

இந்தச் சாக்கில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. எகிப்தியப் பேச்சு வழக்கு நூல்மொழியிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. அங்கே 'காஃப்' எழுத்து பெரும்பாலும் ஹம்ஸாவாக ஒலிக்கிறது. அதனால் 'கஹ்வா' என்பது 'அஹ்வா' ஆகிறது. 'ஜீம்' எழுத்தை 'கங்கை' என்பதில் வரும் முதல் எழுத்தைப் போல ஒலிக்கிறார்கள். நலம் விசாரிக்க 'கைஃப ஹாலுக்க' என்று நாம் கற்றிருக்க, அவர்கள் 'இஸ்ஸய்யக்' என்கிறார்கள். ரொட்டிக்கு நாம் 'குப்ஸ்' என்று படித்திருக்க, அவர்கள் 'ஐஷ்' என்கிறார்கள். வாழ்க்கை என்பதோடு தொடர்புடைய சொல் அது. புதிதாக வந்தவர் திகைப்பது இயல்பே.

ஆனால் இதைக் கண்டு தமிழர் அஞ்சலாமா? மேடையில் ஒரு தமிழும் அடுப்பங்கரையில் ஒரு தமிழும் பேசுகிற சமூகம் நாம். 'இருக்கிறது' என்று எழுதுகிறோம். 'இருக்கு' என்று பேசுகிறோம். காயல்பட்டினத்து வழக்கும் காத்தான்குடி வழக்கும் வேறு வேறு. அதனால் நம் எழுத்துத் தமிழ் கெட்டுவிட்டதா? எவரேனும் ஒரு வெளிநாட்டவர் கீழக்கரைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கி, "பேச்சுத் தமிழ் எனக்கு வேண்டாம், செந்தமிழ் மட்டும் போதும்" என்று அறையில் அடைந்து கிடந்தால் நாம் அவரைப் பற்றி என்ன நினைப்போம்? தமிழ் கற்றவர் என்றா சொல்வோம்?

மேலும், ஃபுஸ்ஹா வகுப்பறைக்கு வெளியே கெய்ரோவில் இல்லவே இல்லை என்பதும் உண்மையன்று. ஜுமுஆ மேடையில் ஃபுஸ்ஹா இருக்கிறது. செய்தித்தாளில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் தூண்களுக்கு அருகே நடக்கும் பாட வட்டங்களில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எளிதாக அது கிடைக்கும் இடம் ஒன்று உண்டு: மற்ற நாட்டு மாணவர்கள். இந்தோனேசியரும் மலேசியரும் நைஜீரியரும் மத்திய ஆசியரும் அங்கே படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது; நமக்கு அவர்கள் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது வகுப்பில் கற்ற அரபு மட்டுமே. அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே அறையில் தங்கினால், "விளக்கை அணைக்கவா?" என்பதைக்கூட அரபியில்தான் கேட்க வேண்டும். இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? ஆனால் நாமோ, பக்கத்து அறையில் உஸ்பெக் மாணவர் இருந்தால் வீட்டை மாற்றித் தமிழரைத் தேடிக் கொள்கிறோம்.

வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் (ரஹ்) அவர்களை நாம் நினைவுகூர வேண்டிய இடம் இது. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு அல்லாத மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அரபு கற்பித்தவர். உலகெங்கும் 'மதீனா நூல்கள்' என்று அறியப்படும் பாடநூல்களை ஆக்கியவர். 2023இல் அவர் மறையும் வரை, அவருடைய நூலின் வழியாக அரபு கற்றவர்கள் எல்லாக் கண்டங்களிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த நூலின் முதல் பாடத்தில் மாணவன் கற்கும் சொற்களில் வீடு, பள்ளிவாசல், கதவு ஆகியவை இருக்கின்றன. சொல்லைக் கற்பித்தது நூலின் கடமை. அந்தக் கதவைத் திறந்து, வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போய், அங்கிருப்பவரோடு பேசுவது மாணவனின் கடமை. நம் மண்ணில் பிறந்த ஒருவர் உலகத்துக்கு அரபு கற்பித்திருக்க, நம் பிள்ளைகள் கதவைத் திறக்கவே கூச்சப்படுவது நமக்கு அழகா?

"கெட்ட சகவாசம் வந்துவிடும்"

பெற்றோரின் அச்சம் இது. "பத்திரமா இரு வாப்பா, யார்கிட்டயும் ஒட்டாதே" என்று சொல்லி அனுப்பும் தாயின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. பெருநகரம் பெருநகரம்தான். அங்கே ஏமாற்றுபவர் உண்டு. கடன் கேட்டுக் காணாமல் போகிறவர் உண்டு. வீண் அரட்டைக்கு இழுப்பவர் உண்டு. அயல்நாட்டு மாணவர் தலையிடக் கூடாத அரசியல் பேச்சுகளும் உண்டு. இவற்றிலிருந்து விலகி இருக்கச் சொல்வது பெற்றோரின் உரிமை; கடமையும்கூட.

ஆனால் தனிமை பாதுகாப்பு என்று யார் சொன்னது? அறைக்குள் தனியாகக் கைப்பேசியோடு இருக்கும் இளைஞனைவிட, தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்த இளைஞன் பாதுகாப்பானவன். அவன் பள்ளிவாசலுக்கு இரண்டு நாள் வரவில்லை என்றால் யாராவது விசாரிப்பார்கள். அவனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று சொல்ல ஆள் இருக்கும். வாடகையில் ஏமாற்றப்பட்டால் அவனுக்காகப் பேசப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வருவார். யாருக்கும் தெரியாதவனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவனுடைய ஐந்து அறைத் தோழர்களுக்கும் அவனைப் போலவே யாரையும் தெரியாது.

உள்ளத்தின் நிலையையும் எண்ண வேண்டும். இப்னு பதூதா 1325இல் தம் ஊரான தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. துனிஸ் நகரை அடைந்தபோது, ஊர் மக்கள் வந்தவர்களை எதிர்கொண்டு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவருக்கு ஸலாம் சொன்னார்கள். அவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. அழுதுவிட்டதாகத் தம் பயண நூலில் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய நிலையைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லி ஆறுதல் அளித்தார். பின்னாளில் டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்து, நம் மதுரை வரைக்கும் வந்து சென்றவர் அவர். அரபைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே அரபு நகரில் அந்தத் தனிமை வந்தது. நம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வராதா? அவன் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்வதை வைத்து நாம் நிம்மதி அடைந்து விடுகிறோம். அவனுக்கு ஸலாம் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்பதில்லை.

கெட்ட சகவாசத்துக்கு மருந்து நல்ல சகவாசம்தான். சகவாசமே இல்லாமல் இருப்பது மருந்தாகாது.

பெண்பிள்ளைகளின் நிலை

மகளைத் தக்க துணையோடும் ஏற்பாட்டோடும் அனுப்பியவர்கள்கூட, போன இடத்தில் அவளை நான்கு சுவருக்குள் அடைத்து விடுகிறார்கள். கணவரோடு சென்ற சகோதரிகள் பலரின் நிலையும் இதுவே. கணவர் வகுப்புக்குப் போகிறார். மனைவி நாள் முழுவதும் அடுப்போடும் கைப்பேசியோடும் இருக்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஊர் திரும்பும்போது, அரபு நாட்டில் இருந்து வந்தவர் என்பதற்கு அடையாளமாக அபாயா மட்டும்தான் இருக்கும்.

ஒழுக்க வரம்புகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் பெண்களோடு பழகுவதற்கு எந்த வரம்பு தடையாக இருக்கிறது? கெய்ரோவின் எத்தனையோ பள்ளிவாசல்களில் பெண்களுக்கான குர்ஆன் வட்டங்கள் நடக்கின்றன, கற்பிப்பவர்களும் பெண்களே. அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலேயும் கீழேயும் தாய்மார்கள் வசிக்கிறார்கள். ஒரு தட்டுப் பிரியாணியை மூடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் போதும். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. பேசவும் சமைக்கவும் பிள்ளை வளர்ப்பைப் பகிர்ந்து கொள்ளவும் ஓர் எகிப்தியத் தாய் கிடைத்துவிட்டால், எந்தப் பாடநூலும் தராத அரபை அந்தச் சகோதரி பெறுவார்.

இதே இடத்தில் இளைஞர்களுக்கும் ஒரு சொல். 'மொழிப் பரிமாற்றம்' என்ற பெயரில் இணையத்தின் வழியாக எதிர்பாலரோடு தனிமையில் பேசுவது மொழிக்கல்வி அன்று. உனக்கு அரபு கற்றுத்தரவும் உன்னிடம் ஆங்கிலம் கற்கவும் ஆவலுள்ள ஆண்கள் அந்த நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

தொடர்பு என்றால் வசூல் அன்று

மறுமுனையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் அரபிகளோடு பழகவே செய்கிறார்கள். ஆனால் யாரோடு? செல்வந்தரோடு, அறக்கட்டளை நிர்வாகிகளோடு, பிற்காலத்தில் பயன்படக் கூடியவர்களோடு. கைகுலுக்கும்போதே ஒரு கடிதம் சட்டைப்பையில் இருக்கும். பள்ளிவாசல் கட்ட, மத்ரஸா கட்ட, கிணறு வெட்ட என்று அந்தக் கடிதங்களில் நியாயமான தேவைகளும் இருக்கலாம். ஆயினும் மொழி கற்கச் சென்ற இருபது வயது இளைஞன், மனிதர்களைப் பணப்பையாகப் பார்க்கக் கற்றுக் கொண்டு திரும்புவது எவ்வளவு பெரிய சீரழிவு! அத்தகையவரைக் கண்டதும் அந்த ஊர் மக்கள் ஒதுங்கத் தொடங்குகிறார்கள். பிறகு தூய எண்ணத்தோடு வரும் நம் பிள்ளையையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள்.

ஃபூல் விற்கும் தள்ளுவண்டிக்காரரும், துணி தேய்ப்பவரும், கட்டடக் காவலரான பவ்வாபும் உனக்கு எந்தப் பதவியும் வாங்கித் தர மாட்டார்கள். ஆனால் மொழி அவர்களிடம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. முதலில் அவர்களிடம் போ.

எங்கே தொடங்குவது?

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது முறையன்று. அதிகச் செலவும் துணிச்சலும் தேவைப்படாத சில வழிகளைச் சொல்கிறேன்.

ஐவேளைத் தொழுகையை ஒரே பள்ளிவாசலில் தொழுங்கள்; முடிந்தவரை ஒரே இடத்தில் நில்லுங்கள். எகிப்தில் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்து 'ஹரமன்' என்பார். ஹரம் ஷரீஃபில் தொழும் பேறு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து அது. 'ஜம்அன்' என்று, நாம் சேர்ந்தே என்ற பொருளில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் தெரியாமல் விழிப்பவர் அந்நியர். தெரிந்து சொல்பவரிடம் அடுத்த கேள்வி வரும்: "எந்த ஊர்?" அங்கிருந்து நட்பு தொடங்கும்.

ஒரே கடையில் வாங்குங்கள். பணம் கொடுக்கும்போது கடைக்காரர் "கல்லீ" என்பார். பணம் இருக்கட்டும் என்று பொருள். அது உபசார வார்த்தை. அதை மெய்யென்று எண்ணிப் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்! வற்புறுத்திக் கொடுத்துவிட வேண்டும். அதுபோலவே வழியில் உண்பவர் "தஃபத்தல்" என்று அழைப்பார். நன்றி சொல்லி விலகுவது முறை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மனமார அழைத்தால் அமரலாம். இத்தகைய நுணுக்கங்களை எந்த வகுப்பும் கற்பிக்காது. பழகித்தான் பெற வேண்டும். நம் ஊரிலும் "சாப்பிட வாங்க" என்ற அழைப்புக்கு இதே இலக்கணம் உண்டு அல்லவா?

தெருவின் நல்லது கெட்டதில் பங்கு கொள்ளுங்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தவருக்கு 'நஈமன்' சொல்வது முதல், இறப்பு வீட்டில் ஆறுதல் சொல்வது வரை ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கச் செல்லுங்கள். ஜனாஸாவில் கலந்து கொள்ளுங்கள். இவை சுன்னத்துகள், அதே வேளையில் மொழிப்பாடங்கள். ரமழானில் தெருவோரங்களில் 'மவாயிதுர் ரஹ்மான்' என்ற பெயரில் நோன்பு திறப்போருக்கு விருந்து மேசைகள் போடுவார்கள். அங்கே உண்பதற்கு மட்டும் போகாமல், அஸருக்குப் பிறகே போய்த் தட்டு வைக்க உதவுங்கள். சேர்ந்து வேலை செய்த கைகள் விரைவில் நட்பாகும்.

தமிழ்ச் சகோதரர்களை அடியோடு துறக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கூடுங்கள். ஊர்ச் சமையல் உண்ணுங்கள். புதிதாக வருபவருக்குக் கைகொடுங்கள். ஆனால் கைகொடுப்பது, அவர் தாமே நடக்கும் வரைக்கும்தான். ஆறு மாதம் கழிந்தும் அவருக்காக நீங்களே கடையில் பேசிக்கொண்டிருந்தால், அது உதவி அன்று. அவருடைய கல்விக்குச் செய்யும் அநீதி.

குடும்பங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும்

பெற்றோரே! பிள்ளையோடு பேசும்போது "எத்தனை பாடம் முடிந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த வாரம் யாரைப் புதிதாகச் சந்தித்தாய்? இமாம் நலமா? கீழ்வீட்டுப் பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கினால், சொல்வதற்காகவேனும் அவன் போய்ப் பார்ப்பான். அவன் பழகுகிறவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரிய வரும். உங்கள் அச்சத்துக்கும் அதுவே மருந்து. ஒவ்வோர் இரவும் மணிக்கணக்கில் அவனைத் தொலைபேசியில் கட்டி வைக்காதீர்கள். உங்கள் அன்பு அவனுடைய மாலை நேரத்தைத் தின்றுவிட வேண்டாம்.

ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் உதவித்தொகை கொடுக்கும்போது, ஒரே வீட்டில் ஒரே ஊர்க்காரர்களை நிரப்பும் ஏற்பாடுகளுக்குப் பணம் தராதீர்கள். இரண்டு தமிழர், இரண்டு பிறநாட்டவர் என்று தங்க வழி செய்யுங்கள். திரும்பி வருபவரை மேடையேற்றிச் சால்வை போர்த்துவதற்கு முன்னால், ஓர் அரபு விருந்தினரோடு அரை மணி நேரம் உரையாடச் சொல்லுங்கள்.

நம் முன்னோர் அரபிகளோடு கடலிலும் சந்தையிலும் திருமணப் பந்தலிலும் கலந்து வாழ்ந்தவர்கள். அந்தக் கலப்பில்தான் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் பிறந்தது. நம் பாட்டிமார் பலர் மார்க்கம் கற்றது அந்த எழுத்தின் வழியாகத்தான். மனிதர்கள் கலந்ததால் ஒரு மரபே உருவானது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள், விமானத்தில் ஏறிப் பல்லாயிரம் மைல் போயும், மனிதர்களைத் தொடாமலே திரும்பி வருவதை இனியும் ஒழுக்கம் என்று சொல்லிக் கொண்டிருக்க வேண்டாம். அது கூச்சம்; சில வேளைகளில் சோம்பல்; சில வேளைகளில் பெற்றோராகிய நாமே ஊட்டிய அச்சம்.

கல்விக்காகப் புறப்பட்ட நம் பிள்ளைகளின் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக. அவர்களுக்கு நல்ல தோழர்களை அளிப்பானாக. அவர்கள் செல்லும் ஊர்களில் அவர்களுக்கு ஸலாம் சொல்லும் மனிதர்களை ஏற்படுத்துவானாக. தனித்து நிற்கும் அந்நியருக்கு ஸலாம் சொல்பவர்களாக அவர்களையும் ஆக்குவானாக. ஆமீன்.